கடினமான மைதானமும் நடுத்தர ஆட்டக்காரரும்

கோல்ஃப் என்றவுடன், பெரிய கம்பெனி அதிபர்களும் உயர் அதிகாரிகளும் ஆடும் ஆட்டம் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு எழுகிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வலிமை மிக்கவர்களுக்காக அளந்து கட்டப்பட்ட ஓர் இடத்தில், நடுத்தரத் திறமை உள்ளவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அந்த ஆட்டத்தில் ஒரு நல்ல விடை இருக்கிறது. தெருவுக்கு ஒரு பல்பொருள் அங்காடியும், கைப்பேசியில் பதிவு செய்தால் சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டுவரும் நிறுவனங்களும் வந்துவிட்ட இந்நாளில், அது நம்முடைய கேள்வியும் ஆகும்.

எனவே ஆட்டத்தின் அடிப்படையை முதலில் விளக்கி, பிறகு பேர்பெற்ற ஒரு கடினமான மைதானத்தை எடுத்துக்கொண்டு, வார விடுமுறையில் மட்டும் ஆடும் ஒருவர் அங்கே எப்படிக் கணக்குப் போட்டு ஆட வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஆட்டத்தின் அடிப்படை

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1764-ல் ஏற்பட்ட எண்ணிக்கையே பிற்காலத்தில் எங்கும் வழக்கமாயிற்று. நம் நாட்டுக்கும் இந்த ஆட்டம் புதிதன்று. கல்கத்தாவில் 1829-ல் தொடங்கிய கோல்ஃப் சங்கம், பிரிட்டனுக்கு வெளியே உள்ள சங்கங்களில் மிகப் பழமையானது.

ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் மேடை ஒன்று உண்டு. அதற்கு 'டீ' என்று பெயர். நாம் குடிக்கும் டீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கிருந்து அடித்த பந்து, ஒழுங்காக வெட்டப்பட்ட புல்தரையாகிய 'ஃபேர்வே'யில் விழ வேண்டும். இரு பக்கமும் நீண்டு வளர்ந்த புல்லுக்கு 'ரஃப்' என்று பெயர். வழியில் ஆங்காங்கே 'பங்க்கர்' எனப்படும் மணற்பள்ளங்கள் இருக்கும். கடைசியில் கம்பளம்போல் நெருக்கமாக வெட்டிய 'கிரீன்' என்னும் புல்தரையில் குழியும் அதில் ஒரு கொடியும் இருக்கும். குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் விடுபவரே வெற்றி பெற்றவர். ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகளை எடுத்துச் செல்லலாம்.

ஒவ்வொரு குழியையும் திறமையுள்ள ஆட்டக்காரர் இத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதுவே 'பார்'. குழியின் தூரத்தைப் பொறுத்து இது 3, 4 அல்லது 5 ஆக இருக்கும். பாரைவிட ஓர் அடி கூடினால் 'போகி' என்பார்கள். நம் பொங்கலுக்கு முதல் நாள் வரும் போகிக்கும் இதற்கும் உறவில்லை. இரண்டு அடி கூடினால் இரட்டைப் போகி. பாரைவிட ஓர் அடி குறைந்தால் 'பேர்டி'.

இன்னொரு கணக்கையும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பார் என்னும் அளவில் ஒவ்வொரு குழிக்கும் கிரீனில் உருட்டி ஆடுவதற்கு இரண்டு அடிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 18 குழிக்கு 36 அடி. மொத்தப் பார் 71 அல்லது 72 என்றால், அதில் சரிபாதி கிரீனுக்குள்ளேயே செலவாகிறது. இருநூறு கெஜம் பறக்கும் அடியும் ஓர் அடிதான். ஒரு சாண் தூரம் உருட்டுவதும் ஓர் அடிதான். பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே பற்று.

எச்சரிக்கைப் பலகை வைத்த மைதானம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் பெத்பேஜ் என்ற அரசுப் பூங்கா இருக்கிறது. அதில் கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறத்தின் பெயரால் அழைக்கப்படும் ஐந்து கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. அவற்றில் மிகக் கடினமானது 'பெத்பேஜ் பிளாக்' எனப்படும் கறுப்பு மைதானம். 1930-களின் பொருளாதார மந்த காலத்தில், வேலையிழந்தோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ் கூலியாட்களைக் கொண்டு அமைக்கப்பட்டு, 1936-ல் ஆட்டத்துக்குத் திறக்கப்பட்டது. புகழ்பெற்ற மைதான அமைப்பாளர் ஏ. டபிள்யூ. டில்லிங்காஸ்ட் இதன் வடிவமைப்பில் பங்கு பெற்றவர்.

இதன் சிறப்பு, இது பணக்காரர்களின் தனிச் சங்கத்துக்குச் சொந்தமானதன்று என்பதுதான். கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் ஆடலாம். அந்த மாநிலத்தில் குடியிருப்போருக்குக் கட்டணம் குறைவு, வெளியூராருக்கு அதிகம். விடியற்காலையில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, முதல் நாள் இரவே வந்து வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் தூங்கி வரிசை பிடிப்பது இந்த மைதானத்தின் பேர்பெற்ற வழக்கம். கோயம்பேடு அங்காடிக்கு நள்ளிரவிலேயே வண்டி கட்டிப் போகும் நமக்கு அது புதிய காட்சியாக இராது.

முதல் குழிக்கு அருகில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இந்தக் கறுப்பு மைதானம் மிக மிகக் கடினமானது, உயர்ந்த திறமை உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறோம் என்பது அதில் உள்ள எச்சரிக்கை. தன் சரக்கைப் பற்றித் தானே எச்சரிக்கை எழுதி வைக்கும் கடையை நாம் பார்த்ததுண்டா? ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களைவிட, அதன் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்களே அதிகம். உள்ளதை உள்ளபடி சொல்வது வியாபாரத்தைக் கெடுப்பதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

பலகை பொய் சொல்லவில்லை. அமெரிக்க ஓப்பன் போட்டி 2002-ல் இங்கே நடைபெற்றது. அரசுக்குச் சொந்தமான பொது மைதானம் ஒன்றில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் முறை. அதில் பாரைவிடக் குறைந்த அடிகளில் நான்கு நாள் ஆட்டத்தை முடித்தவர் டைகர் உட்ஸ் ஒருவரே. அவரும் 280-க்கு 277, அதாவது மூன்று அடிதான் குறைவு. இரண்டாம் நாள் குளிரும் மழையும் சேர்ந்துகொள்ள, பத்தாவது குழியில் டீயிலிருந்து அடித்த பந்து ஃபேர்வேயையே எட்டவில்லை என்று தொழில்முறை வீரர்கள் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2009-ல் அதே போட்டி மீண்டும் இங்கே நடந்து, மழையால் திங்கட்கிழமை வரை நீண்டது. லூக்கஸ் குளோவர் வென்றார். 2019-ல் இங்கே நடந்த பி.ஜி.ஏ. போட்டியில் புரூக்ஸ் கெப்கா வென்றார். 2025-ல் ரைடர் கோப்பைப் போட்டியில் ஐரோப்பிய அணி 15-க்கு 13 என்ற கணக்கில் அமெரிக்காவை இங்கேயே வென்றது. உலகின் தலைசிறந்த வீரர்கள் திணறிய அதே மண்ணில்தான், மற்ற நாட்களில் வேன் ஓட்டுபவரும் கடைச் சிப்பந்தியும் ஆடுகிறார்கள்.

கடினம் எங்கே இருக்கிறது?

முதல் கடினம் தூரம். 2019 போட்டியில் இந்த மைதானத்தின் மொத்த நீளம் சுமார் 7,460 கெஜம், அதாவது ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கே மின்வண்டியில் ஏறிச் செல்ல அனுமதி இல்லை, நடந்துதான் ஆக வேண்டும். பந்து போகும் பக்கமெல்லாம் வளைந்து நடப்பதால், ஒரு சுற்று முடியும்போது பத்து கிலோமீட்டர் வரை நடை ஆகிவிடும். மேடும் பள்ளமும் வேறு. ஐந்து மணி நேரம் ஆவதும் உண்டு. காலையில் நன்றாக ஆடியவர் கடைசி ஐந்து குழிகளில் காலோய்ந்து தடுமாறுவதைக் காணலாம்.

இரண்டாவது கடினம் மணற்பள்ளம். நான்காவது குழிக்குப் பார் 5. அங்கே ஃபேர்வேயின் குறுக்கே சாய்வாக, மேட்டுச் சரிவில் ஒரு பெரிய மணற்பள்ளம் கிடக்கிறது. அதைக் கடந்தால்தான் மேல்தளத்துக்குப் போக முடியும். சாய்வாகக் கிடப்பதால், எந்த இடத்தில் கடக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தாண்ட வேண்டிய தூரம் கூடும் அல்லது குறையும். ஐந்தாவது குழியிலும் இதே தந்திரம். எவ்வளவு தூரம் தாண்டத் துணிகிறோமோ அவ்வளவு ஆதாயம். தவறினால் அவ்வளவு நட்டம்.

மூன்றாவது கடினம் உயரம். பதினைந்தாவது குழியின் கிரீன், ஃபேர்வேயிலிருந்து சுமார் 15 மீட்டர் மேலே, நான்கு மாடி உயரத்தில் இருக்கிறது. முன்னால் மணற்பள்ளங்கள் காவல் நிற்கின்றன. தளர்ந்த கால்களோடு வரும் ஆட்டக்காரர் கீழிருந்து பார்த்தால் கொடியின் நுனிதான் தெரியும்.

நான்காவது கடினம் ரஃப் எனப்படும் அடர்ந்த புல். பந்து அதற்குள் அமிழ்ந்துவிட்டால், மட்டைக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கிக்கொள்ளும். பந்து போகும் தூரமும் குறையும், திசையும் மாறும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த மைதானத்தில் தண்ணீர் குறுக்கிடுவது எட்டாவது குழியில் உள்ள குட்டையில் மட்டுமே. அதாவது ஆட்டக்காரரை இங்கே ஒரேயடியாக மூழ்கடிக்கும் இடம் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் இடமே அதிகம். அன்றாடச் சில்லறைக் கசிவால் கடை நொடிப்பது போன்றது அது.

நம் கையிருப்பு என்ன?

இப்போது நடுத்தர ஆட்டக்காரரின் இருப்பைப் பார்ப்போம். முன்னணித் தொழில்முறை வீரர் டீயிலிருந்து சராசரியாக 300 கெஜம் அடிக்கிறார். வாரம் ஒருமுறை ஆடும் ஆண் ஆட்டக்காரர் அடிப்பது 200 முதல் 220 கெஜம் வரைதான்.

யார் எவ்வளவு நீளமான மைதானத்தில் ஆடலாம் என்பதற்கு அமெரிக்கக் கோல்ஃப் அமைப்புகள் 2011-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டன. 'டீயை முன்னால் நகர்த்துங்கள்' என்பது அதன் கருத்து. டீயிலிருந்து 275 கெஜம் அடிப்பவர் சுமார் 6,700 முதல் 6,900 கெஜம் நீளத்தில் ஆடலாம். 225 கெஜம் அடிப்பவருக்கு 5,800 முதல் 6,000 வரை. 200 கெஜம் அடிப்பவருக்கு 5,200 முதல் 5,400 வரை.

ஒவ்வொரு குழிக்கும் முன்னும் பின்னுமாகப் பல டீக்கள் உண்டு. எதிலிருந்து ஆடுவது என்பது ஆட்டக்காரரின் விருப்பம். கறுப்பு மைதானத்தின் நடு டீக்களிலிருந்து ஆடினாலும் நீளம் சுமார் 6,700 கெஜம் வருகிறது. அதாவது 275 கெஜம் அடிப்பவருக்கு ஏற்ற நீளம். 210 கெஜம் அடிப்பவர் அங்கே நின்றால், நீண்ட குழி ஒவ்வொன்றிலும் முதல் அடியிலேயே 65 கெஜம் துண்டு விழுகிறது. பார் 4 என்று எழுதியுள்ள பல குழிகளில், இரண்டு அடியில் கிரீனை எட்டுவது அவரால் ஆகாத காரியம். இது அவருடைய குறை அன்று. முதல் குறைவு, கடை சிறிது என்பது போன்ற ஒரு நிலைமை, அவ்வளவுதான். அந்த நிலைமையை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்பவர் தப்பிக்கிறார். ஒப்புக்கொள்ளாமல், பின்னால் உள்ள டீயில் நின்று பெரிய வீரரைப் போல் வீச நினைப்பவர் அகலக் கால் வைக்கிறார்.

ஹேண்டிகேப் என்னும் கணக்கு

திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ள இருவர் ஒரே மைதானத்தில் நியாயமாகப் போட்டியிடக் கோல்ஃப் ஒரு வழி கண்டிருக்கிறது. அதுவே 'ஹேண்டிகேப்'. பலம் குறைந்தவருக்குச் சில அடிகளைத் தள்ளுபடியாகக் கொடுப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம். எத்தனை அடி தள்ளுபடி என்பதை யாரும் மனம்போன போக்கில் முடிவு செய்வதில்லை. பழைய ஆட்டங்களின் பதிவே முடிவு செய்கிறது.

2020-ல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களை எடுத்து, அவற்றில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியிலிருந்து அவருடைய குறியீட்டு எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அதிகபட்சம் 54. மைதானத்துக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. சிறந்த ஆட்டக்காரரோடு ஒப்பிட, நடுத்தர ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைக் காட்டும் எண்ணுக்கு 'ஸ்லோப்' என்று பெயர். சாதாரண மைதானத்துக்கு இது 113. உச்ச அளவு 155.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் குறியீட்டு எண் 20 என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆடப்போகும் கடினமான மைதானத்தின் ஸ்லோப் 140, பார் 71. சிறந்த ஆட்டக்காரர் அங்கே சுமார் 73 அடி எடுப்பார் என்பது மதிப்பீடு. 20-ஐ 140-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 24.8 வருகிறது. 73-க்கும் 71-க்கும் உள்ள வேறுபாடாகிய 2-ஐச் சேர்த்தால் 26.8. முழு எண்ணாக 27. அன்றைக்கு அந்த மைதானத்தில் அவருக்கு உரிய தள்ளுபடி 27 அடி. 18 குழிக்கும் தலா ஒன்று போக, மீதி 9 அடிகள் கடினமான 9 குழிகளுக்கு ஒவ்வொன்றாகக் கிடைக்கும்.

இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒன்பது குழிகளில் அவருக்குப் போகிதான் பார். மற்ற ஒன்பதில் இரட்டைப் போகிதான் பார். 71-உடன் 27-ஐச் சேர்த்து 98 அடியில் அவர் ஆட்டத்தை முடித்தால், தம் திறமைக்குக் குறைவில்லாமல் ஆடினார் என்று அர்த்தம். பலகையில் எழுதியுள்ள 71 வேறொருவரின் இலக்கு. இந்த 98 அவருடைய இலக்கு. இதைப் புரிந்துகொண்டவர் பதினைந்தாவது குழியில் ஆறு அடி எடுத்துவிட்டு முகம் வாடமாட்டார்.

நட்டத்தை நட்டத்தால் அடைக்கலாகாது

நடுத்தர ஆட்டக்காரரின் ஆட்டத்தைக் கெடுப்பது முதல் தவறான அடி அன்று. அதை ஈடுகட்ட நினைத்து அடிக்கும் இரண்டாவது அடிதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

430 கெஜக் குழி, பார் 4. முதல் அடி 210 கெஜம் போய், ரஃபில் விழுந்துவிட்டது. மீதி 220 கெஜம். இப்போது இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: நீண்ட மட்டையை எடுத்து, எப்படியும் கிரீனுக்குப் போய்விட வேண்டும் என்று ஓங்கி வீசுவது. அடர்ந்த புல்லில் மட்டை சிக்கி, பந்து 40 கெஜம் நகர்ந்து மறுபடி ரஃபிலேயே விழும். மூன்றாவது அடியும் அதே கோபத்தில் வீச, பந்து மணற்பள்ளத்துக்குள் போகும். அதிலிருந்து வெளியேற ஒன்று அல்லது இரண்டு அடி. பிறகு கிரீனுக்கு ஓர் அடி, அங்கே இரண்டு அல்லது மூன்று உருட்டல். கூட்டிப் பார்த்தால் ஏழு முதல் ஒன்பது வரை.

இரண்டாவது வழி: குட்டை மட்டையை எடுத்து, 90 கெஜம் மட்டும் அடித்துப் பந்தை ஃபேர்வேக்குக் கொண்டுவருவது. மீதி 130 கெஜம். அது அவர் கைக்கு அடங்கிய தூரம். மூன்றாவது அடி கிரீனிலோ அதன் ஓரத்திலோ விழும். பிறகு இரண்டு அல்லது மூன்று அடி. மொத்தம் ஐந்து அல்லது ஆறு. தள்ளுபடியைக் கழித்தால் அவருக்கு உரிய பாரே கிடைத்துவிட்டது!

ஒரே குழியில் இரண்டு மூன்று அடி வித்தியாசம். கைவலிமை இரண்டு வழியிலும் ஒன்றுதான், முடிவெடுத்த விதமே வேறு. மணற்பள்ளத்திலும் இதே விதிதான். முன்பக்கச் சுவர் உயரமாக இருந்தால், பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ அடித்து முதலில் வெளியே வருவதே வழி. ஆட முடியாத இடத்தில் பந்து சிக்கினால், ஓர் அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, விதி அனுமதிக்கும் தூரத்துக்குள் பந்தை வேறிடத்தில் விட்டு ஆடலாம். பந்து காணாமற்போனால் மூன்று நிமிடம் மட்டுமே தேடலாம். அதற்குள் கிடைக்காவிட்டால், ஓர் அடி அபராதத்தோடு பழைய இடத்துக்கே திரும்பி மறுபடி அடிக்க வேண்டும். அடியும் போயிற்று, தூரமும் போயிற்று. ஆகவே பந்து கிடைப்பது சந்தேகம் என்று தோன்றினால், அங்கிருந்து நகரும் முன்பே, மாற்றுப் பந்து அடிப்பதாகச் சொல்லிவிட்டு ஒன்றை அடித்து வைப்பது நல்லது. நடையும் நேரமும் மிச்சமாகும்.

இந்த இடத்தில் நம் தொழில் தானாகவே நினைவுக்கு வருகிறது. துவரம் பருப்பில் ஒரு லாட் கொள்முதல் செய்தோம், விலை இறங்குமுகம் ஆகிக் கையைச் சுட்டுவிட்டது. சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நட்டத்தை எழுதிக்கொள்வது ஒரு வழி. போனதைப் பிடிக்க வேண்டும் என்று கந்து வட்டிக்கு வாங்கி, மிளகாயில் இரண்டு மடங்கு சரக்குப் போடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் சென்று முதலுக்கே மோசம் போன கடைகளை ஒவ்வொரு ஊரிலும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைக் கவிழ்த்தது பருப்பில் வந்த நட்டம் அன்று, அதை ஒரே வீச்சில் மீட்க எடுத்த முடிவுதான்.

கிரீன் அருகில் கிடைக்கும் ஆதாயம்

300 கெஜம் அடிக்கும் வலிமை நாற்பது வயதைத் தாண்டியவருக்கு இனி வரப்போவதில்லை. ஆனால் கிரீன் அருகில் நின்று பந்தை மெல்லத் தூக்கிப் போடுவதற்கும், குழிக்கு உருட்டுவதற்கும் வலிமை வேண்டியதில்லை. பழக்கமும் பொறுமையும் போதும். நடுத்தர ஆட்டக்காரர் ஒரு சுற்றில் பல குழிகளில் மூன்று முறை உருட்டுகிறார். அவற்றில் ஐந்தை இரண்டாகக் குறைத்தால், ஒரு கெஜம்கூட அதிகம் அடிக்காமல் ஐந்து அடி மிச்சம். தொலைவிலிருந்து உருட்டும்போது குழிக்குள் விட வேண்டும் என்று நினைக்காமல், குழியைச் சுற்றி மூன்று அடி வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று நினைத்தாலே போதும். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய மட்டையை எடுத்து ஓங்கி வீசிப் பழகுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அதுதான் அழகு.

நம் கடைகளிலும் பெரிய அங்காடியோடு விலையில் மோதுவது 300 கெஜ வீச்சு. எடை சரியாக இருப்பது, வாடிக்கையாளர் வீட்டுக்கு எந்த அரிசி என்று கேட்காமலே எடுத்து வைப்பது, பழுதான சரக்கை முணுமுணுக்காமல் மாற்றித் தருவது, தவணை தேதியில் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டிவிடுவது ஆகியவை கிரீன் அருகில் ஆடும் ஆட்டம். இவற்றில் பெரிய நிறுவனம் நம்மைவிட வலிமை உடையது என்று சொல்ல முடியாது.

கையெழுத்தின் மதிப்பு

கோல்ஃபில் ஆட்டக்காரரின் பின்னால் நடுவர் ஒருவர் எப்போதும் நிற்பதில்லை. புதருக்குள் பந்து லேசாக அசைந்ததை அவர் ஒருவர் மட்டுமே அறிவார். பாபி ஜோன்ஸ் என்ற மாபெரும் வீரர் 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில், தம் பந்து அசைந்துவிட்டது என்று தாமே சொல்லித் தமக்கு ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. நான்கு சுற்றின் முடிவில் வில்லி மக்ஃபார்லேன் என்பவரோடு சமநிலையில் நின்று, மறு ஆட்டத்தில் தோற்றுப்போனார். அந்த ஓர் அடியை மறைத்திருந்தால் பட்டம் அவருடையதாக இருந்திருக்கும். ஆனாலும் இன்றுவரை அவர் பெயர் நிற்பதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

இன்னொரு சம்பவம் நமக்கு மிகவும் பொருந்தும். போட்டிகளில் ஒருவரின் அடிகளை உடன் ஆடுபவர் குறித்துக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். 1968-ல் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா வீரர் ராபர்ட்டோ டி விசென்சோ 17-வது குழியை மூன்று அடியில் முடித்தார். அட்டையில் நான்கு என்று பதிவாகிவிட்டது. அவர் கவனிக்காமல் கையெழுத்திட்டார். விதிப்படி, கையெழுத்திட்ட எண்ணே நிற்கும். 65 அடி எடுத்தவருக்கு 66 என்று கணக்கானது. பாப் கோல்பி என்பவரோடு சமநிலையில் நின்று மறு ஆட்டம் ஆட வேண்டியவர், ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். பட்டியலைச் சரிபார்க்காமல் சரக்கை இறக்கிக் கையெழுத்துப் போடும் வழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஹேண்டிகேப் கணக்கும் இந்த நேர்மையின் மேல்தான் நிற்கிறது. அட்டையில் குறைத்து எழுதுபவர் தம் தள்ளுபடியைத் தாமே குறைத்துக்கொள்கிறார். கூட்டி எழுதுபவர் உடன் ஆடுபவரை ஏமாற்றுகிறார். உண்மையான எண்களை எழுதியவருக்கு மட்டுமே அந்தக் கணக்கு பயன்படும். குறிப்பேட்டில் ஒன்றும் மனத்தில் ஒன்றுமாக வைத்திருப்பவருக்கு ஐந்தொகை உதவாதது போலத்தான்.

நமக்கு யார் தள்ளுபடி தருவார்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோல்ஃபில் பலம் குறைந்தவருக்கு 27 அடி தள்ளுபடி உண்டு. வியாபாரத்தில் அப்படி ஒரு பலகையும் இல்லை, அட்டையும் இல்லை. பெரிய நிறுவனம் கம்பெனியிடம் லாரி லாரியாக வாங்கும் விலை வேறு, நாம் பெட்டிக் கணக்கில் வாங்கும் விலை வேறு. அந்த வித்தியாசத்தை யாரும் நமக்குக் கழித்துத் தருவதில்லை. அதற்காகக் குரல் கொடுப்பதும், பலர் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்வதும் சங்கத்தின் வேலை. அந்த வேலை ஒருபுறம் நடக்கட்டும்.

ஆனால் ஹேண்டிகேப் முறையில் இரண்டு பாதிகள் உள்ளன. தள்ளுபடி ஒரு பாதி. தன் இருபது ஆட்டங்களையும் எழுதி வைத்து, தன் அளவு என்ன என்று எண்ணில் தெரிந்துகொள்வது மறு பாதி. முதல் பாதியை மற்றவர் தர வேண்டும். இரண்டாம் பாதியைத் தடுப்பவர் யாரும் இல்லை. கடையில் எந்தச் சரக்கு எத்தனை நாளில் ஓடுகிறது, வெளியே நிற்கும் கடன் பாக்கி எவ்வளவு, மாத வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் போக மீதி என்ன என்பவற்றைக் கடைசி இருபது வாரங்களுக்கு எழுதிப் பார்த்தால், நம் 71 எது, நம் 98 எது என்று தெரிந்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர்.

கறுப்பு மைதானத்துக்குள் போகும் நடுத்தர ஆட்டக்காரர் அதை வெல்லப் போவதில்லை. உலக வீரர்களே அதை வென்றது அபூர்வம். தமக்கு ஏற்ற டீயைத் தேர்ந்துகொண்டு, தம் பாரைத் தாமே அறிந்து, ரஃபில் விழுந்தால் முதலில் ஃபேர்வேக்கு வந்து, கிரீனில் பொறுமையாக உருட்டி, உள்ளதை உள்ளபடி அட்டையில் எழுதினால், பத்து கிலோமீட்டர் நடந்தும் அவர் நிறைவோடு வீடு திரும்புகிறார். அடுத்த வாரம் மறுபடி வரிசையில் நிற்கிறார். நிலைத்து நிற்பது என்பது அதுதான்.

உறுப்பினர்கள் வரும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேரேட்டைத் திறந்து தங்கள் இருபது வாரக் கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.